குடோன் இல்லை, குடித்தனம்!

(பெருநகரத்தில் நிம்மதியான வாழ்வு பழைய பேட்டையிலா, புதிய புறநகரிலா? என்ற தலைப்பில், ‘பழைய பேட்டையிலே’ அணியில் பேசியது)



ஐயா, எனக்கு முன்னால பேசின தம்பி ஒரு கேள்வி கேட்டார். “சென்னை ஜார்ஜ் டவுன்ல மனுஷன் குடியிருப்பானா?”ன்னு கேட்டார். நான் ஜார்ஜ் டவுன்லதான் குடியிருக்கேன். பிறந்ததிலிருந்து 52 வருஷமா ஒரே வீட்டில குடியிருக்கேன். முதல்ல நான் மனுஷன்தானான்னு ஒரு தீர்ப்பைச் சொல்லிடுங்க, அப்புறம் பேசறேன்! (சிரிப்பு)

நடுவர்: அது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். உங்க வீட்டம்மாவைத்தான் கேட்கணும்!

அவங்களைக் கேட்காதீங்க ஐயா. தீர்ப்பு எதிரணிக்குப் போயிடும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வரேன். நாங்க இருக்கிறது மின்ட் தெருவிலிருந்து பிரியற ஒரு சந்து. எங்க தாத்தா வாடகைக்கு வந்த வீடு. நடுவில முற்றம், சுற்றி ஆறு குடித்தனம். எங்க பேட்டைக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு கல்யாணத்தை ஊரைத் தாண்டாமலே முடிச்சிடலாம். பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு. ஜவுளிக்குக் கோடவுன் தெரு. நகைக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு. சாமி கும்பிடக் கந்தகோட்டம். மாப்பிள்ளையை மட்டும் வெளியூர்ல பார்த்தாப் போதும்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் சொன்னார்: “பழைய பேட்டைன்னா பழைய செங்கல், பழைய சுண்ணாம்பு. இடிஞ்சு விழப் போறதைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க?” நல்ல கேள்விங்க. இதுக்கு நான் பதில் சொல்லணும்னா ஒரு சரித்திரம் சொல்லியாகணும்.

1639ல் வெள்ளைக்காரன் இங்கே கடற்கரையிலே கோட்டை கட்ட இடம் வாங்கினான். கோட்டைக்கு வடக்கே நம்ம ஆட்கள் குடியேறினாங்க. நெசவாளிகள், துபாஷிகள், வியாபாரிகள். அதுக்கு அவன் வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். அது எங்கே இருந்தது தெரியுமா? இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிறதே, அந்த இடத்தில! 1746ல் பிரெஞ்சுக்காரன் சென்னையைப் பிடித்தான். 1749ல் திரும்ப வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. இனிமேல் எதிரி வந்தால் பீரங்கி சுட மைதானம் வேண்டும் என்று, கோட்டையை ஒட்டி இருந்த நம்ம பட்டணத்தைத் தரைமட்டம் ஆக்கினாங்க. வீடு போச்சு, தெரு போச்சு. 1757ல் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இடிச்சாங்க. இதுக்கு மேல வீடு கட்டக் கூடாதுன்னு எல்லைக்கல் நட்டாங்க. அந்தக் கல்லில ஒண்ணு இன்னிக்கும் பாரிமுனைக் கட்டடத்தை ஒட்டி நிற்குது. தினமும் லட்சம் பேர் தாண்டிப் போறாங்க. நின்னு பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இப்போ நான் எதிரணியைக் கேட்கிறேன். அத்தோட எங்க ஊர் அழிஞ்சு போச்சா? இல்லீங்க! அதே ஜனங்க கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனாங்க. தெரு போட்டாங்க. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்நின்று, தேவராஜ முதலித் தெரு பக்கத்திலே பெருமாளுக்கும் சிவனுக்கும் ஒட்டினாற்போல இரண்டு கோயில் எழுந்தது. சென்னகேசவர், சென்னமல்லீசுவரர். அந்தப் புதுப் பட்டணத்துக்குத்தான் பின்னால ஜார்ஜ் மன்னர் பெயரை வச்சாங்க.

ஐயா, இதில ஒரு பாடம் இருக்கு. அன்றைக்குச் செங்கல் போச்சு, ஆனா ஜனங்க கலையல. அதனால ஊர் மறுபடி முளைச்சது. ஊருங்கிறது செங்கல் இல்லை தலைவரே, செங்கலை அடுக்கின கை! (கைதட்டல்)

அந்தக் கைகள் ஒரே ஜாதி, ஒரே மதம் கிடையாது. அர்மீனியன் தெருவில 1772ல் கட்டின அர்மீனியர் கோயில் இருக்கு. மண்ணடியில் பாங்கு சத்தம் கேட்கும். சௌகார்பேட்டையில் ஜைனர் கோயில். வள்ளலார் இளமையிலே வாழ்ந்த வீடு ஏழுகிணறு பக்கம். பர்மாவை விட்டுத் திரும்பி வந்தவங்க பிழைக்கப் போட்ட கடைதான் பர்மா பஜார். வந்தவனை யாருன்னு கேட்காம உட்கார வச்ச ஊருங்க அது.

இப்போ அந்தச் சகோதரி பேச்சுக்கு வரேன். “ஆறு குடித்தனத்துக்கு ரெண்டு கழிவறை. காலையில வாளியோட வரிசையில நிற்கிற கொடுமை பெண்களுக்குத்தான் தெரியும்”னு சொன்னாங்க. உண்மை சகோதரி. நான் மறுக்க மாட்டேன். பட்டிமன்றத்துக்காகக் கழிவறையைக் கோபுரம்னு சொல்ல மாட்டேன். (சிரிப்பு) என் மனைவியே ஒருநாள் சொன்னாங்க: “உங்க சரித்திரத்தை நான் கும்பிடறேன். எனக்கு ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு வேணும்.”

என்ன செஞ்சோம் தெரியுமா? ஆறு குடித்தனத்துப் பெண்களும் சேர்ந்து சீட்டுப் போட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட நேரே போய், “பணம் நாங்க போடறோம், இடம் மட்டும் காட்டுங்க”ன்னாங்க. பின்கட்டில் கிடந்த விறகு அறையை எடுத்து, ஆறு பேருக்கும் தனித்தனியாக் கழிவறை கட்டியாச்சு. பழைய பேட்டை புதுசாகறதுன்னா என்னன்னு நான் அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன். குடியிருக்கிறவனுக்கு வசதி கூடணும், ஆனா குடியிருக்கிறவன் அங்கேயே இருக்கணும்! (கைதட்டல்)

அடுத்து, தம்பி சொன்னார்: “உங்க சந்தில ஆம்புலன்ஸ் நுழையுமா?” தம்பி, இந்தக் கேள்வியை நீங்க விளையாட்டாக் கேட்டீங்க. எனக்கு அது விளையாட்டு இல்லை.

2011ம் வருஷம், ஆடி மாசம், ராத்திரி பதினோரு மணி. எங்க அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு முற்றத்தில உட்கார்ந்துட்டார். ஆம்புலன்ஸ் வந்துச்சு. தெருமுனை வரைக்கும்தான் வந்துச்சு. சந்தில ரெண்டு லாரி சரக்கு இறக்கிட்டு நிற்குது. முன்னாலும் போக முடியல, பின்னாலும் எடுக்க முடியல. நான் என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னேன். மூட்டை இறக்கிட்டிருந்த நாலு பேர், தோள் துண்டை உதறிட்டு ஓடி வந்தாங்க. எதிர் வீட்டுச் சேட்டு வீட்டிலேயிருந்து மெத்தை வந்தது. பக்கத்துல மீன்பாடி வண்டி வச்சிருந்த பாய், வண்டியைத் திருப்பினார். அதில அப்பாவைப் படுக்க வச்சு, சந்தைத் தாண்டி ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. பத்து நிமிஷத்தில பெரியாஸ்பத்திரி. அப்பா அதுக்கப்புறம் ஆறு வருஷம் எங்களோட இருந்தார். (நீண்ட கைதட்டல்)

கைதட்டினீங்க, சந்தோஷம். ஆனா நான் இதை வச்சு ஜெயிக்கப் பார்க்கல. அந்த ராத்திரி ரெண்டு உண்மையைச் சொல்லுது. ஒண்ணு, ஆம்புலன்ஸ் நுழையாத சந்து ஒரு சந்தே இல்லை. அது திருந்தணும். லாரி சரக்கு இறக்க நேரம் வைக்கணும், வழி விடணும். அதை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். இன்னொண்ணு, வழி இருந்தும் ஆள் இல்லாத தெருவில என்ன ஆகியிருக்கும்? அதை நீங்க எனக்கு விட்டுக்கொடுங்க.

ஏன் சொல்றேன்னா, அப்பா போனப்புறம் என் தம்பி அம்மாவைக் கூட்டிட்டுப் போனான். நகரத்துக்கு வெளியே பதினாலு மாடிக் கட்டடம். லிப்ட், நீச்சல் குளம், எல்லாம் இருக்கு. அம்மா ஒருநாள் சாயங்காலம் கீழே நடந்துட்டு வாசல் வழியாத் திரும்பி வந்தாங்க. காவலாளி புதுப் பையன். நோட்டை நீட்டி, “யாரைப் பார்க்கணும்மா?”ன்னு கேட்டிருக்கான். அம்மா சொன்னாங்களாம்: “அதைத்தான்பா நானும் மூணு மாசமாத் தேடிட்டிருக்கேன்!” (சிரிப்பு, கைதட்டல்) அடுத்த வாரமே பெட்டியோட எங்க சந்துக்கு வந்து சேர்ந்துட்டாங்க.

நடுவர்: பெட்டியோட வந்தாங்க சரி, நடந்தா வந்தாங்க?

அதைச் சொல்லத்தான் வரேன் ஐயா. மெட்ரோவில வந்தாங்க! 1996ல் கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போச்சு. 2002ல் வெளியூர் பஸ்களும் கோயம்பேட்டுக்குப் போச்சு. “ஜார்ஜ் டவுன் கதை முடிஞ்சது”ன்னு ஊரே சொல்லுச்சு. 2019 பிப்ரவரியில் பூமிக்கடியில் மெட்ரோ வந்துச்சு. மண்ணடியில் ஒரு நிலையம், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு நிலையம். 2021ல் அது விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சிக்குன்னு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிச்சாங்க. முட்டி வலிக்காரங்க எங்க அம்மா. நகரும் படியில நின்னுக்கிட்டே மேலே வந்தாங்க. எங்க பேட்டை உயிர்க்குது ஐயா. எனக்கு அதில சந்தோஷம்தான்.

ஆனா சந்தோஷத்தோட ஒரு பயமும் வந்திருக்கு. அதைச் சொல்லாம இறங்கினா நான் பொய்யன். எங்க சந்தில பன்னிரண்டு வீடு. இன்னிக்கு ஏழு வீடு குடோன். கீழே கடை, மேலே அட்டைப்பெட்டி. முன்னே கோலம் போட்ட வாசலில இப்ப ஷட்டர். ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டினா, காலை பத்து மணி வரைக்கும் அங்கே ஒரு மூச்சு கிடையாது. பேட்டைக்கு மவுசு வந்ததும், எங்க வீட்டுக்கும் ஒருத்தர் டேப் எடுத்துக்கிட்டு அளக்க வந்தார். முற்றத்தை அளந்தார், திண்ணையை அளந்தார். எங்க அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாங்க. “கொஞ்சம் நகருங்கம்மா, அளவு சரியா வரல”ன்னார். அம்மா நகரல. “என்னையும் சேர்த்து அளந்துக்கோப்பா. இந்த வீட்டில நானும் ஒரு அளவு”ன்னாங்க. (பலத்த கைதட்டல்)

வீட்டுக்காரர் பேர்ல எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் மூணு பிள்ளைகள். பழைய வாடகையில ஓடு மாற்றக் காசு பத்தாது. அவர் நியாயம் அவருக்கு. அதனால நாங்க ஆறு குடித்தனமும் உட்கார்ந்து பேசினோம். வாடகையைக் கூட்டித் தர ஒத்துக்கிட்டோம். ஓடு மாற்றச் செலவில பாதி எங்களோடது. அவர் இன்னும் பதில் சொல்லல. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கார். தீபாவளிக்குள்ள சொல்றேன்னு இருக்கார். நீங்க இங்க ஒரு தீர்ப்பு சொல்வீங்க ஐயா. நாங்க அங்கே அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கோம்.

நிறைவாச் சொல்றேன். எதிரணி நண்பர்களே, உங்க புறநகர் மேல எனக்குப் பொறாமை இல்லை. காற்று வருது, தண்ணி வருது, நல்லா இருங்க. ஆனா ஒரு பழைய பேட்டையைப் புதுப்பிக்கிறேன்னு சொல்ற ஒவ்வொருத்தருக்கும் நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. சுவருக்கு வெள்ளையடிங்க, சாக்கடையை மூடுங்க, ரயிலைக் கொண்டாங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா எல்லாம் முடிஞ்சு விளக்குப் போடும்போது, அந்த வெளிச்சத்தில உட்கார எங்க திண்ணையும், திண்ணையில எங்க ஜனமும் இருக்கணும். 1757ல் கோயிலை இடிச்சப்போ ஜனங்க பக்கத்திலேயே இருந்தாங்க, அதனால கோயில் திரும்ப வந்துச்சு. இன்னிக்குக் கோயில் இருக்கு. ஜனங்களை அனுப்பிட்டா, விளக்கேற்ற யார் வருவா?

பெருநகரத்தில் நிம்மதி எதுன்னு கேட்டீங்க. நெஞ்சு வலிச்ச ராத்திரியில, பேர் கேட்காம நாலு பேர் ஓடி வர்ற தெருவில இருக்கிறதுதான் நிம்மதி. அந்த நாலு பேர் இன்னும் இருக்கிறது பழைய பேட்டையிலதான் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)