அருவிக்கரையில் கற்ற பாடம்

(நமது பங்கின் பொன்விழா நன்றிக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் வரலாற்றைச் சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். நான் எனக்கு ஜெபிக்கக் கற்றுத்தந்த ஒரு முதிய குருவானவரைப் பற்றிச் சொல்லுகிறேன். தம் பெயர் மேடையில் ஒலிப்பதை அவர் விரும்பமாட்டார்.

அப்போது நான் தத்துவம் பயிலும் குருமட மாணவன். என் தந்தையார் இறந்த ஆண்டு அது. கடவுள் உண்டென்று நிறுவப் புனித தோமாஸ் அக்குவினாஸ் காட்டிய ஐந்து வழிகளையும் ஒப்பிப்பேன். அந்தக் கடவுளோடு பேசத்தான் வரவில்லை. குருமடத்தை விட்டுவிடத் தீர்மானித்து, தென்காசியில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வாதாடவில்லை. மறுநாள் விடியுமுன் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். ஆனி மாதச் சாரல். ஐந்தருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்காரச் சொன்னார்.

"முதுகை நேரா வை, தம்பி. மூச்சை ஒண்ணு முதல் பத்து வரை எண்ணு. தப்பினா மறுபடியும் ஒண்ணு."

ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூடப் பத்தை எட்டவில்லை. அதற்குள் அப்பாவின் முகம் வந்து நிற்கும். கடைசியில் எண்ணுவதை விட்டு அழுதேன். அவர் ஆறுதலும் சொல்லவில்லை, எழுந்து போகவுமில்லை. வெகு நேரம் கழித்து, "இன்னிக்குத்தான் ஆண்டவர் முன்னால பொய்யில்லாம உக்காந்திருக்கே" என்றார்.

இதற்கு 'ஜென்' என்று பெயர் என்பதைத் திரும்பும் வழியில் அறிந்தேன். நம் 'தியானம்' என்ற சொல்தான் சீனாவில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. அதைச் சீனாவுக்குக் கொண்டுசென்ற போதிதருமர் காஞ்சிபுரத்தவர் என்பது மரபு.

ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஹ்யூகோ லசால் 1929-இல் ஜப்பான் சென்றவர். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அங்கேயே காயமுற்றவர். போதிக்கப் போன அவர், பௌத்த ஆசிரியர்களின் காலடியில் மாணவராக அமர்ந்தார். அவருடைய உதவியால் ஜப்பான் சென்று ஜென் பயின்றவர் நம் தமிழ்க் குரு ஆமா சாமி. 1996-இல் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் 'போதி ஜெண்டோ' தியான நிலையத்தை நிறுவியவரும் அவரே.

"சாமி, இது வேற மதமில்லையா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. உடலின் அமைதியையே பரிசுத்த ஆவியின் ஆறுதலென்று மயங்கலாகாது என்று 1989-இல் உரோமை எச்சரித்தது. இரண்டும் நமக்கு வேண்டும். எலியாஸ் தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் புயலிலும் நெருப்பிலும் அல்ல, மெல்லிய ஓசையிலேயே வெளிப்பட்டார் என்பதையும் மறவோம்.

ஆண்டுகள் பல கழிந்து அந்தக் குருவானவர் படுக்கையில் விழுந்தார், பேச்சு நின்றுவிட்டது. அவருக்குச் சொல்ல ஒரு பிரசங்கமே மனத்தில் வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அருகில் அமர்ந்து அவருடைய மூச்சை எண்ணினேன். அன்று பத்து தப்பவில்லை.

பிரியமானவர்களே, துக்க வீட்டுக்குப் போனால் ஆறுதல் வார்த்தை சொல்ல அவசரப்படாதீர்கள், அருகில் உட்காருங்கள். நற்கருணைப் பேழையின் முன் தினம் பத்து நிமிடம் வாய் திறவாமல் இருங்கள். இந்தப் பொன்விழாவில் உங்களிடம் நான் கேட்கும் காணிக்கை அவ்வளவே.

இறைவனுக்கே மகிமை உண்டாவதாக.