படம் பிடிக்கப் பழகுவோம்

(தோட்டத்து இளைஞர், மகளிர் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் கமராவைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது காசுக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். நம் லயத்தில் ஒரு பாட்டி இறந்துபோனால் மாலை போட என்ன படம் கிடைக்கிறது? அடையாள அட்டைப் படந்தானே! அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசாக்கினால் பாதி முகம் கலங்கிப் போகும். நாற்பது வருஷம் மலையேறிக் கொழுந்து எடுத்தவர், பயந்துபோய் முறைத்துப் பார்த்த அந்த ஒரு நிமிஷந்தான் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுகிறது.

நம்மைப் படம் பிடிக்க ஆள் இல்லாமலில்லை. வேனை நிறுத்திப் பிடிக்கிறார்கள், கலண்டரில் போடுகிறார்கள். கூடை தெரியும், சிரிப்புத் தெரியும், பெயர் மட்டும் இருக்காது.

இது நேற்று வந்த பழக்கமல்ல. சரித்திரப் புத்தகத்தில் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்று பிள்ளைகள் படித்திருப்பீர்கள். அந்தக் கமரன் துரையின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ் பெற்ற படப்பிடிப்பாளர். அவருக்கு முதல் கமரா கிடைத்தது 1863இல், 48ஆவது வயதில். மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கும் ஒன்றும் தெரியாது, பழகித்தான் வந்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவ வேண்டும். முன்னால் இருப்பவர் நிமிஷக் கணக்கில் ஆடாமல் இருக்க வேண்டும். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். தோட்ட வேலையாட்களையும் படம் பிடித்தார். 1879 ஜனவரியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமாகி, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் இங்கே எடுத்த படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. படத்தில் நிற்கும் நம்மவர்களில் பெரும்பாலானோர் யார் எவர் என்று ஒரு வரி கூட இல்லை.

இப்போது மருந்தும் வேண்டாம், சுருளும் வேண்டாம். பிலிம் காலத்தில் 36 படத்தோடு சுருள் முடிந்துவிடும், பிழைத்தாலும் கழுவக் காசு கொடுத்தே ஆகவேண்டும். டிஜிட்டலில் நூறு எடுத்துத் தொண்ணூறை அழித்தாலும் சதம் செலவில்லை. பழகுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சின்னக் கமராவானாலும் சரி, கையிலிருக்கும் போன் ஆனாலும் சரி.

முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். கொழுந்துக் கறையும் தேங்காயெண்ணெயும் பட்ட போனில் படம் புகை மூட்டமாகத்தான் வரும். சேலைத் தலைப்பு வேண்டாம், மெல்லிய சுத்தமான பருத்தித் துணி போதும். காலைக் குளிரில் இருந்து நேரே அடுப்படிக்குள் போனால் கண்ணாடியில் ஆவி படியும். கொஞ்சம் பொறுத்தால் தானே போய்விடும்.

அடுத்தது வெளிச்சம். பாதிப் பாடம் இதுதான். நம் காம்பராவுக்குள் இருட்டு. பிளாஷ் போட்டால் முகம் மாவு பூசினாற்போல் இருக்கும். பாட்டியை இஸ்தோப்பில், வெளியைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும், நீங்கள் மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள். வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் ஆள் கறுப்பு நிழலாகிவிடுவார். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். காலையும் பின்னேரமும் நல்லது, மப்பு நாளும் நல்லதுதான்.

பனி மூட்டம் நம் மலைக்கு அழகு, ஆனால் கமராவை ஏமாற்றும். சுற்றி எல்லாம் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்துப் படத்தையே இருட்டாக்கிவிடும். போனில் முகத்தின்மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கும், அதை ஒன்று கூட்டுங்கள்.

கொழுந்தெடுக்கும் விரல்கள் வேகமானவை. கமராவில் விநாடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்தால் தெளிவாக வரும், அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். போன் திரையை விரலால் இழுத்துப் பெரிசாக்காதீர்கள். காலால் நடந்து கிட்டப் போங்கள். கிட்டப் போகும்போது கான் இருக்கிறதா என்று கீழேயும் பாருங்கள், ஐயா!

இளைஞர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று. கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. பீலிக்கரைப் பக்கம் போனைத் தூக்கவே கூடாது. அது பழக்கமுமில்லை, விளையாட்டுமில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

எடுத்த படத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உயிர்களோடு வீடுகளும், வீட்டிலிருந்த படங்களும் புதைந்தன. போனில் ஒன்று, மெமரி கார்டில் ஒன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்று என்று இருக்கட்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் முழுசாகப் போகும். நல்லதில் நாலைந்தையாவது ஸ்டூடியோவில் அச்செடுத்து, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: பெயர், வருஷம், தோட்டம், டிவிசன்.

அடுத்த போயா லீவுக்குள் ஒவ்வொருவரும் வீட்டில் மூத்தவரை ஒரு படம் எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் இதே மண்டபத்தில் ஒட்டிப் பார்ப்போம். கமரா இல்லாதவர்களுக்கு நம் ஒபிசில் சின்ன டிஜிட்டல் கமரா ஒன்று இருக்கிறது. கொப்பியில் கையெழுத்துப் போட்டு இரண்டு நாளைக்கு எடுத்துப் போகலாம். சார்ஜரையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.