அடுப்படியில் ஓர் ஆண்மை



சமையற்கலை பயில விரும்பிய மாணவன் ஒருவனை முன்பொருகால் நான் கடிந்துகொண்டேன். அது பிழையென உணர்த்தியது பிரெஞ்சு நாட்டு அகுஸ்த் எஸ்கோஃபியேயின் வரலாறு.

1846-இல் பிறந்த அவர், பதின்மூன்றாம் வயதிலேயே நீஸ் நகரில் தொழில் பயிலப் புகுந்தார். 1870-இல் மெட்ஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, குதிரை இறைச்சியையும் பக்குவமாய்ச் சமைத்துப் படைத்தலைவர்களின் பசியாற்றினார். பின்னர் இலண்டன் மாநகரில், கூச்சல் மலிந்த சமையற்கூடத்தை ஒழுங்கு நிலவும் பணிமனையாக்கினார்.

1914-இல் மகன் தானியேல் போரில் மாண்டார். தந்தையை இழந்த பேரக்குழந்தைகளைக் குடும்பமே பேணியது; எஸ்கோஃபியேயோ துயரை அடக்கிக் கடமையைத் தொடர்ந்தார். 1935 பிப்ரவரியில் மனைவி தெல்பின் மறைந்தார். சில நாட்களிலேயே கணவரும் மறைந்தார்.

மாணவர்களே, தொழிலில் தாழ்வில்லை. தாழ்வு நம் எண்ணத்திலேயே உளது. அம்மாணவன் இன்று வரின், வாழ்த்தியே அனுப்புவேன்.