டோர்ச்சும் லயத்துக் கூரையும்



விடியாத இருட்டில் பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு டோர்ச் ஒரு வேலைக் கருவி. இப்போது வாங்குகிற பல டோர்ச்சுகளில் லித்தியம் அயன் பற்றரிதான் இருக்கிறது. வயரைச் செருகினால் டோர்ச்சுக்குள்ளேயே சார்ஜ் ஏறும்.

இந்தப் பற்றரி 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். நாம் செருகும் போன் சார்ஜர் தருவதோ 5 வோல்ட். நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்த டோர்ச்சுக்குள் ஒரு சிறு சுற்று இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் அது ஒழுங்காக இருப்பதில்லை. அளவுக்கு மேல் ஏறினால் பற்றரி சூடாகும், வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். ஒரு காம்பிராவில் பிடித்த தீ அங்கேயே நிற்காது. லயத்துக்கு ஒரே கூரைதான்.

ஆகவே இரவு முழுக்கச் செருகிவைத்துத் தூங்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில், மெத்தைக்கும் விறகுக்கும் தூரமாக, சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுங்கள். நிறைந்ததும் கழற்றுங்கள். பாதி ஏறியபோதே கழற்றினாலும் இந்தப் பற்றரி கெடாது. வீங்கியதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இது நம் பங்கு. லயங்களுக்குப் பாதுகாப்பான வயரிங்கும், பிரட்டுக்குப் போகும் பாதைக்கு விளக்கும் தருவது நிர்வாகத்தின் பங்கு. அதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கேட்போம்.