பாட்டுப் போட்டியும் நம் சங்கமும்

(புனே தமிழர் குடியிருப்புகளின் பிரதிநிதிகள் கூடிய சங்கப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



வானொலியிலும் இணையத்திலும் ஒருசேர ஒரு பாட்டுப் போட்டி நடத்த வேண்டும் என்று இளைஞர்கள் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். "ரேஷன் அட்டைக்கும் குடியிருப்புக்கும் போராடுகிற சங்கத்துக்குப் பாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டுப் போட்டி அரசியலுக்கு வெளியே இருக்கிற விஷயம் அல்ல என்பதைச் சொல்லத்தான் நான் எழுந்தேன்.

2007ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் 'இந்தியன் ஐடல்' மூன்றாவது போட்டி. இறுதிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங். கல்கத்தா போலீசில் சாதாரணக் காவலர். மற்றவர் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். மலைநாட்டு மக்கள் பிரசாந்துக்காக ஊர் ஊராக வசூல் செய்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி அவர் வென்றார்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? டெல்லித் தனியார் பண்பலை ஒன்றின் அறிவிப்பாளர், நேபாளி பேசுகிறவர்களைக் காவல்காரர்கள் என்று கேலி செய்தார். ஊர்வலம் கிளம்பியது. 28ஆம் தேதி சிலிகுரியில் கலவரம், ஊரடங்கு, ராணுவம் வந்தது. பிரசாந்துக்கு ஓட்டுச் சேர்ப்பதில் முன்னின்ற பிமல் குருங், அக்டோபர் 7இல் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். பாட்டுக்கு ஓட்டுக் கேட்ட கூட்டம் தனி மாநிலம் கேட்கும் கட்சியாயிற்று.

ஷில்லாங்கிலோ வேறு கதை. காசி மக்களும் வங்காளிகளும் மோதிக்கொண்ட வரலாறு அந்த ஊருக்கு உண்டு. அங்கே வங்காளி இளைஞரான அமித் பாலுக்காக எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். மேகாலய அரசு அவரை அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் தூதராக்கியது. ஒரே போட்டி, ஓர் ஊரில் பழைய காயத்தைக் கிளறியது, இன்னோர் ஊரில் பழைய பகையை ஆற்றியது.

கூர்க்கா என்றால் காவல்காரன் என்ற அந்தக் கேலி நமக்குப் புதிதா? மதராசி என்றும் லுங்கி என்றும் 1960களில் இந்த மராட்டிய மண்ணில் நம்மவர் கேட்ட பேச்சுத்தானே அது! ஆகவே நாம் போட்டி நடத்தினால், எந்த வழியில் நடத்துகிறோம் என்பதே முக்கியம்.

நடுவர் மட்டும் போதும் என்பார்கள் சிலர். அதையும் நாடு பார்த்திருக்கிறது. 1952 முதல் பத்தாண்டுகள் பி.வி.கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தார். வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கி, சாஸ்திரிய சங்கீதத்தைத் தூக்கிப் பிடித்தார். நல்ல பலனும் இருந்தது. 1956இல் வானொலி நடத்திய மெல்லிசைப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற பெண்தான் பின்னாளில் நாம் கொண்டாடிய எஸ்.ஜானகி. ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். கேட்போர் மன்றங்கள் அமைத்துக் கடிதம் எழுதி, தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே சொன்னார்கள். கடைசியில் 1957இல் அரசே விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

மக்களை ஒதுக்கிய நடுவர் தோற்றார். காசு கொடுத்து ஒருவரே நூறு ஓட்டுப் போடும் முறையில் கம்பெனிதான் வென்றது. ஆகவே நான் சில நிபந்தனைகளைத் தீர்மானத்தோடு சேர்க்கக் கோருகிறேன்.

ஒன்று: ஓட்டுக்குக் காசு கூடாது. குடும்பத்துக்கு ஓர் ஓட்டு. செல்பேசி இல்லாத வீட்டுக்குச் சங்கத்தில் சீட்டு.

இரண்டு: முதல் சுற்றில் நடுவருக்குக் குரலும் எண்ணும் மட்டுமே போக வேண்டும். பெயர், முகம், ஊர், சாதி எதுவும் தெரியக் கூடாது. வானொலிக்குக் கண் இல்லை. அதுதான் அதன் பெருமை.

மூன்று: தேகு ரோடு, கிர்க்கி, பிம்பிரி என்று குடியிருப்புக் குடியிருப்பாகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற தாயும் நம்மைத் தேடி வர முடியாது. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரிக்கு ஒரு தனிச் சுற்று. இது இணையத்துக்கும் நல்லது: சினிமாப் பாட்டின் பின்னணி இசையை ஏற்றினால் உரிமைக்காரர் தடுத்துவிடுவார்; பாட்டி பாடிய தாலாட்டை யார் தடுப்பார்?

நான்கு: ஒரு சுற்று மராத்திப் பாட்டாக இருக்கட்டும், மராட்டிய அண்டை வீட்டாரும் பாடட்டும். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலம் தொட்டு நம்மூர்ப் பஜனை மடங்களில் அபங்கம் ஒலிக்கிறது. நாம் ஷில்லாங்காக வேண்டும், சிலிகுரியாக வேண்டாம்.

வானொலியில் இடம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. சமுதாய வானொலிக்கு 2006இல் வந்த விதி, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கோடு உருவாக வேண்டும் என்கிறது. புனேயின் உள்ளூர் மக்களில் நாமும் உண்டு. யாசகமாக அல்ல, உரிமையாகவே போய்க் கேட்போம்.

தோழர்களே, நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, பாட்டுத் தெரியும். அந்தப் பாட்டும் போய்விட்டால், நாளை ரேஷன் அட்டைக்காகக் கூப்பிடும்போது தமிழர் என்று எழுந்து வர யார் இருப்பார்கள்? தீர்மானத்தை இந்த நிபந்தனைகளோடு நிறைவேற்றுங்கள். நிபந்தனைகள் வேண்டாம் என்றால், போட்டியே வேண்டாம் என்று என் கையும் உயரும்.