ஊர் கூடிப் படிப்போம்



படிப்பது தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்றுதான் இன்று பலரும் எண்ணுகிறோம். நம் ஊர்களிலோ நெடுங்காலம் அது பலர் நடுவில் நடந்த காரியம். மழை பொய்த்த ஆண்டில் ஊரைக் கூட்டி மகாபாரதத்தின் விராட பருவம் படித்தார்கள். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நாள் கணக்காகப் பாரதம் படித்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, தெருவே கேட்டது. பிறகு படிப்பகங்கள் வந்தன. டீக்கடை பெஞ்சில் ஒருவர் நாளிதழைப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டு, கேள்வி போட்டு, வாதாடினார்கள்.

எழுத்தறிவு பரவி, ஆளுக்கொரு புத்தகம் கைக்கு வந்தது பெரிய நன்மை. ஆனால் படித்ததைப் பேச ஆள் இல்லாமல் போனது ஒரு குறைதான். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே சின்னச் சின்ன ஊர்களில் மாதம் ஒருமுறை சிலர் கூடுகிறார்கள். வாசகர் வட்டம் என்பார்கள், இலக்கியச் சந்திப்பு என்பார்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இதற்கு நமக்கு நல்ல முன்னோர்கள் உண்டு. 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், கம்பன் பாடல்களில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் நண்பர்கள் கூடினார்கள். வீட்டு முற்றத்தில் வட்டமாக அமைந்த ஒரு தொட்டிக்கட்டு. அதனால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது. டி.கே.சி. சட்டம் படித்தவர். அங்கே வந்தவர்களில் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான மகராஜன் இருந்தார், அரசு அதிகாரியான தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் இருந்தார். தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் பலர் அங்கே தமிழைச் சுவைத்தார்கள். ஒரு மாலை முழுக்க ஒரே ஒரு கம்பன் பாட்டு. அதை டி.கே.சி. நிறுத்திப் படிப்பார், திரும்பப் படிப்பார், ஓசை எங்கே தங்குகிறது, உணர்ச்சி எங்கே திரும்புகிறது என்று காட்டுவார். கம்பனில் பல பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதைப் புலவர்கள் பலர் ஏற்கவில்லை. அந்த வாதம் அவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. ஆனாலும் ஒரு பாட்டை அவசரமில்லாமல் பலர் சேர்ந்து படிக்கலாம் என்ற வழக்கத்தை அந்த வீடு ஏற்படுத்திக் கொடுத்தது. பின்னாளில் அவர் குற்றாலத்துக்குக் குடிபோனபோது அந்தச் சபையும் கூடவே போயிற்று.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கரிசல் காட்டுச் சிற்றூர். பின்னாளில் எழுத்தாளர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே அண்டை அயலில் வளர்ந்த நண்பர்கள். இருவரும் சேர்ந்து புத்தகம் தேடினார்கள், சேர்ந்து படித்தார்கள், சங்கீதம் கேட்டார்கள், ரசிகமணியிடம் போய்வந்தார்கள். அழகிரிசாமி வெளியூர் போன பிறகு கடிதங்களில் அந்தப் பேச்சு தொடர்ந்தது. அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுதிக்காகக் கிடைத்தது, கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகக் கிடைத்தது. ஒரே சிற்றூரில் இரண்டு அகாதெமி எழுத்தாளர்கள். படித்ததைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்படிப்பட்ட நண்பரோ, இப்படிப்பட்ட வீடோ எல்லா ஊரிலும் கிடைக்குமா? கிடைக்காது. அந்த இடத்தைத்தான் பொது நூலகம் நிரப்ப வேண்டும். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது சீர்காழியில். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற அவருடைய கொள்கை 1931இல் நூலாக வந்தது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகம் நீங்கள் வரி கட்டி நடத்துகிற இடம். அங்கே உட்கார்ந்து பேச இடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் ஊர் வட்டம் அப்படி ஒரு கிளை நூலகத்தில்தான் கூடுகிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. நாற்காலி போதாவிட்டால் பாய் விரிப்போம். ஒருமுறை அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ சிறுகதையை எடுத்துக்கொண்டோம். தீபாவளிக்கு முந்தைய இரவில் ஓர் ஏழை வீட்டு வாசலுக்கு அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அந்த வீட்டுத் தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுகிறாள், கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டை எடுத்து அவனுக்குக் கட்டிவிடுகிறாள். அந்தச் சிறுவனின் பெயர் ராஜா.

கதையை முதலில் ஒருவர் உரக்கப் படித்தார். வீட்டில் படிக்க நேரம் கிடைக்காதவர்கள் கூச்சமில்லாமல் வந்து உட்காரட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. படித்து முடித்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘‘இது ஏழையின் ஈகையைச் சொல்கிற கதை’’ என்றார். நாங்களும் தலையாட்டினோம். பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். மூலையில் இருந்த தையல்கார அக்கா ஒருவர், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர், மெல்லக் கேட்டார்: ‘‘சார், பிள்ளைகளுக்குத் துணி, வீட்டுக்காரருக்குத் துண்டு. அந்த அம்மா தனக்குன்னு என்ன எடுத்தாங்க? அதைக் கொஞ்சம் பாருங்களேன்.’’

அத்தனை பேரும் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினோம். தீபாவளிக் காலத்தில் ஊர்த் துணியெல்லாம் தன் தையல் மெஷினில் ஓடப் பார்த்தவர் அவர். எந்த வீட்டில் யாருக்குத் துணி வந்தது, யாருக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆசிரியர் எழுந்து, ‘‘அம்மா, வகுப்பில் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லை’’ என்றார். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் அடுத்துச் சொன்னார்: ‘‘அந்தப் பையனுக்குக் கொடுக்கறப்ப அவங்க மனசு கொஞ்சம் தயங்குது பாருங்க. அந்தத் தயக்கத்தை எழுத்தாளர் மறைக்காததாலதான் எனக்கு நம்ப முடியுது.’’ பேச்சு ஆறு மணி தாண்டியும் ஓடியது.

கூட்டு வாசிப்பு தரும் பலனை அன்று கண்ணால் கண்டேன். ஒரு நூலில் நம் கண்ணுக்குப் படுவது நம் வாழ்க்கை காட்டிக்கொடுத்தது மட்டும்தான். மிச்சத்தைப் பார்க்க வேறொருவரின் வாழ்க்கை வேண்டியிருக்கிறது. அந்த வேறொருவர் நம் தெருவிலேயே, நாம் தினமும் கடந்துபோகிற கடையிலேயே இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்காதவரை அது நமக்குத் தெரிவதில்லை.

இத்தகைய வட்டங்கள் சில ஊர்களில் ஆண்டுக்கணக்காக நிலைக்கின்றன. பல ஊர்களில் சில மாதங்களிலேயே நின்றுபோகின்றன. நான் பார்த்த அளவில் காரணங்கள் எளியவை. முதலாவது, நாளும் நேரமும் மாறக் கூடாது. வருவோர் நான்கே பேர் என்றாலும் அந்த ஞாயிறு கூட்டம் நடக்க வேண்டும். இரண்டாவது, அதை மேடையாக்கிவிடக் கூடாது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று வந்துவிட்டால் ஒருவர் பேச மற்றவர்கள் கைதட்டும் விழாவாகிவிடும். வட்டமாக உட்கார்ந்தால் போதும். நிறையப் படித்தவர் கடைசியில் பேசட்டும். புதிதாக வந்தவர் முதலில் பேசட்டும்.

மூன்றாவது, நேரம். பெண்கள் வர வேண்டுமென்றால் இருட்டுவதற்குள் கூட்டம் முடிய வேண்டும். டவுன் பஸ் இருக்கும்போதே அவர்கள் வீடு திரும்ப வேண்டும். குழந்தையோடு வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். நான்காவது, புத்தகம் கைக்குக் கிடைக்க வேண்டும். அறுநூறு பக்க நாவலில் தொடங்கினால் பாதிப் பேர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். சிறுகதையில் தொடங்கலாம். புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே காசில்லாமல் படிக்கலாம். அடுத்த மாத நூல் எது என்பதைக் கலைவதற்கு முன்பே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் பலர் கூடுகிற இடங்கள் பெரும்பாலும் உறவாலும் சாதியாலும் கட்சியாலும் பிரிந்து கிடக்கின்றன. கல்யாணத்துக்குச் சொந்தம் வரும், பொதுக்கூட்டத்துக்குக் கட்சிக்காரர் வருவார். ஒரு கதையைப் பேச மட்டும் யாரும் வரலாம். மின்வாரிய ஊழியரும் பூக்கடைக்காரரும் பள்ளி மாணவியும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ‘‘எனக்கு அப்படித் தோணலையே’’ என்று ஒருவருக்கொருவர் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறார்கள். கருத்து மாறுபட்ட பிறகும் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே தெருவில் இறங்குகிறார்கள். மாறுபட்டுப் பேசவும், மாறுபட்டவரை முழுக்கக் கேட்கவும் பழகுவதற்கு ஒரு சிறிய ஊருக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

ஆகவே நேயர்களே, உங்கள் ஊரில் வாசகர் வட்டம் இருந்தால் இந்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். இல்லையென்றால் நாளைக்கே கிளை நூலகத்துக்குப் போய் நூலகரிடம் பேசுங்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் இடம் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் நான்கு பேரைக் கூப்பிடுங்கள். அதில் ஒருவராவது இதுவரை புத்தகம் பக்கம் வராதவராக இருக்கட்டும். ஒரே ஒரு சிறுகதையை உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும், இதுவரை பேசாதவரைப் பார்த்து, ‘‘உங்களுக்கு என்ன தோணுது?’’ என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். உங்கள் ஊர் வட்டம் அங்கேயே தொடங்கிவிடும்.