அடுத்த படி



அமர்ந்தே பணியாற்றும் நம்மவருக்கு எடை கூடினால் நீரிழிவும் நெருங்கிவரும். எடை குறைக்கத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். பணங்கட்டிச் சேரும் பயிற்சிதான் ஊக்கந் தருமோ? நம் சாமுண்டி மலையில், 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராச உடையார் காலத்தில் அமைந்த ஆயிரம் படிகளுக்குக் கட்டணமேது? படிதோறும் மஞ்சள், குங்குமம் இட்டு ஏறும் பெண்மணிகள் உச்சியை அண்ணாந்து பாரார். அடுத்த படியையே நோக்குவர்.

நாமும் குறையவேண்டிய பத்துக் கிலோவை எண்ணி மலையாது, இன்றைய நடையையும் இன்றைய அளவுணவையும் எண்ணுவோம். உடலின் நீரளவால் எடை நாள்தோறும் ஏறியிறங்கும். ஆதலின் வாரம் ஒருமுறை நிறுத்தாற் போதும். அரைக் கிலோ குறைந்தாலும் வெற்றியே. அடுத்த வீட்டாரையும் உடனழைத்துச் செல்லுங்கள். நாம் சோம்பும் நாளில் அவர் வந்து கதவைத் தட்டுவார்.